குதிரை வீட்டில் வைத்த குதிரை

அந்த ஆட்டத்தில் நான் தோற்கவில்லை. தோற்றுப்போனேன் என்று எங்கள் தோட்டத்து லயத்தில் சொல்லிக்கொண்டவர்கள் உண்டு. வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தேன் என்றவர்களும் உண்டு. தலவாக்கலை வாசிகசாலையில் நடந்த சதுரங்கப் போட்டியின் கடைசி ஆட்டம் அது, டிராவில் முடிந்தது. இதைத் திருத்திச் சொன்னால் மனசு கொஞ்சம் லேசாகும் என்று முன்பெல்லாம் ஆள் ஆளாகப் பிடித்துச் சொல்லிப் பார்த்தேன். யாருக்கும் அதைக் கேட்கப் பொறுமை இல்லை. எனக்கும் லேசாகவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் வகுப்பும் கிடையாது. தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து உருட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் எனக்கு வேலை. பெல்ட் அறுந்துவிடுமோ என்று நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். வீட்டுக் கதவைச் சாத்தினோமா என்று பாதிவழி போய்த் திரும்பி வருகிற ஆள். சதுரங்கத்திலும் அப்படித்தான். ஒரு காயைத் தொட்டால் விட மாட்டேன், விட்டால் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"இவன் ராஜாவ ஒரு கட்டம் நவுத்த முந்தி பஞ்சாங்கம் பாப்பான்" என்பான் என் கூட்டாளி. அடுத்த காம்பராவில் குடியிருந்தவன், தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். உறவு ஒன்றும் இல்லை, இருந்தாலும் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். எங்கள் காம்பராவுக்கும் அவன் காம்பராவுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். அவன் பிள்ளை இருமினால் எங்களுக்குத் தூக்கம் போய்விடும்.

தேயிலைப் பெட்டிப் பலகையில் கரியால் கட்டம் போட்டு, அவன் தேயிலை வேரில் செதுக்கிய காய்களை வைத்துத்தான் எங்கள் ஆட்டம். அந்த ஆட்டத்துக்கு எங்கள் சனங்களின் சட்டம். சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான் போகும். எதிராளி கவனிக்காமல் ராணியைக் கொடுக்கப் போனால், "மச்சான், ராணி போகுது பாத்துக்க" என்று நாமே சொல்ல வேண்டும்; சொல்லாமல் வெட்டினால் அது அசிங்கம். சிப்பாய் கடைசி வரிசையை எட்டிவிட்டால், எந்தக் காயின் வீட்டில் போய் நிற்கிறதோ அந்தக் காயாக எழும்பும். யானை வீட்டில் யானை. மந்திரி வீட்டில் மந்திரி. குதிரை வீட்டில் குதிரை. ராணி வேண்டுமென்றால் நடுவில் ராஜா ராணி வீட்டுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். வேறு விதமாக ஆடலாம் என்பதே எங்களுக்கு வெகுநாள் தெரியாது.

அந்த வருஷம் அவன் இந்தியாவுக்குப் போவது முடிவாகிவிட்டது. இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு மனு போட்டிருந்தான். இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். அவன் பிறந்தது இதே லயத்தில், இதே வரிசையில், மூன்று காம்பரா தள்ளி. அதை யார் எங்கே பதிந்து வைத்தார்கள்? மனு தள்ளுபடியாகி வந்தது. எனக்கு எப்படியோ கிடைத்தது. எப்படியோ என்றுதான் சொல்ல வேண்டும், அவனிடம் இல்லாத எந்தத் தகுதியும் என்னிடம் இருக்கவில்லை. அதற்கே அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்த நேரம் அது.

அப்போதுதான் வாசிகசாலையில் போட்டி வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தான். முதலாவதாக வருகிறவருக்கு ஒரு கப். வெள்ளி மாதிரி இருக்கும், வெள்ளி இல்லை. கண்ணாடி அலுமாரிக்குள் வைத்திருந்தார்கள். அதில் ஊர்ப் பெயர் ஏற்கெனவே வெட்டியிருந்தது. ஜெயிக்கிறவர் பெயரைக் கீழே வெட்டிக் கொடுப்பார்கள்.

"மச்சான், எம் பேரும் தலவாக்கலையும் ஒரே சாமான்ல இருக்கும்டா" என்றான். "அங்க போயி வச்சிக்கிறேன். இவன் எங்கருந்து வந்தவன்னு எவனாச்சும் கேட்டா தூக்கிக் காட்டுவேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அதற்குப் பிறகு அலுமாரிப் பக்கம் போகும்போதெல்லாம் குனிந்து பார்த்துவிட்டு வருவான். தனியாகச் சேர வெட்கப்பட்டு என்னையும் சேர்த்துவிட்டான்.

போட்டி பொதுச்சட்டத்தில். சிப்பாய் முதல் தடவை இரண்டு கட்டம் போகலாம். கடைசி வரிசையில் எந்த வீட்டில் நின்றாலும் ராணி எடுக்கலாம். பேசக் கூடாது, தொட்ட காயை ஆட வேண்டும். இதையெல்லாம் எங்களுக்கு வாசித்துக் காட்டியவர் டவுன் பள்ளிக்கூடத்து வாத்தியார், யாழ்ப்பாணத்தவர். அவரும் போட்டியில் ஆடினார். பெரிய மனுஷர் என்ற எடுப்பு இல்லாதவர். தோற்றால் எதிராளிக்குக் கை கொடுத்து, எங்கே பிசகினார் என்று தானே காயை அடுக்கிக் காட்டுவார். நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் பொதுச்சட்டத்தில் பழகினோம். அவன் சீக்கிரம் பிடித்துக்கொண்டான். போட்டியில் ஒரு ஆட்டத்தில் சிப்பாயை யானை வீட்டுக்குக் கொண்டுபோய் அலட்டிக்கொள்ளாமல் ராணியை எடுத்து வைத்து ஜெயித்தான். நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த போட்டி கடைசி ஞாயிறுக்கு வந்து நின்றபோது கணக்கு இப்படி. அவன் தன் ஆட்டங்களை முடித்துவிட்டான், முன்னால் நின்றான். அவனுக்கு அரைப்புள்ளி பின்னால் வாத்தியார். வாத்தியாருக்கு ஒரு ஆட்டம் பாக்கி, அது என்னோடு. வாத்தியார் தோற்றால் கப் என் கூட்டாளிக்கு. டிரா ஆனால் இரண்டு பேரும் ஒரே புள்ளி. ஆனால் முந்திய வாரம் அவனை வாத்தியார் நேருக்கு நேர் ஜெயித்திருந்ததால் கப் வாத்தியாருக்குப் போகும். ஆக நான் ஜெயிக்க வேண்டும். வேறு எதுவும் உதவாது.

இதில் இன்னொன்றும் இருந்தது. என் மூத்த பெண் அந்த வருஷத்தோடு தோட்டப் பள்ளிக்கூடத்தை முடிக்கிறாள். ஒரு ஞாயிறு அவளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தபோது வாத்தியார் அவளிடம் ஏதோ வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "தையில கூட்டிக்கொண்டு வாரும் தம்பி, நான் சேர்த்து விடுறன்" என்று சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னது.

அந்தக் கடைசி ஞாயிறு காலை நான் சட்டை மாட்டும்போது மனைவி அடுப்பைவிட்டு எழும்பி வந்தாள்.

"புள்ளயச் சேத்துக்கிறேன்னு சொன்ன மனுசன்கிட்டயா போயி மல்லுக்கு நிக்கப் போற?"

"மல்லுக்கு இல்ல. ஆட்டம்."

"எல்லா எழவும் ஒண்ணுதான். பாத்து நடந்துக்க."

சுவருக்கு அந்தப் பக்கம் அவன் வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். கயிறு இழுபடும் சத்தம் கேட்டது. நாங்கள் பேசியது அங்கே கேட்டிருக்கும்.

பஸ்ஸில் அவன் சீட்டில் என்னை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தான். "நீ ஒண்ணும் யோசிக்காத. எப்பவும் ஆடுற மாதிரி ஆடு" என்றான். எப்பவும் ஆடுற மாதிரி என்று அவன் சொன்னது இன்னும் எனக்கு உறுத்துகிறது. அவனைக் குற்றம் சொல்லவில்லை.

வாத்தியாருக்கு வெள்ளை. ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். நானும் அப்படியே தள்ளினேன். அடுத்து அதற்குப் பக்கத்தில், மந்திரிக்கு முன்னால் நின்ற சிப்பாயையும் இரண்டு கட்டம் தள்ளி, என் சிப்பாய் வெட்டுகிற இடத்திலேயே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். சும்மா கொடுக்கிறார். இதற்குக் காம்பிட் என்று பெயர் என்பதை அவரே ஒரு நாள் சொல்லியிருந்தார். தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயைக் கொடுத்து, எதிராளி அதைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கும்போது தன் காய்களை வெளியே கொண்டுவந்துவிடுவது.

சும்மா கிடைக்கிற எதைக் கண்டாலும் எனக்குப் பயம். எடுத்தால் பொறியில் மாட்டுவேன். எடுக்காவிட்டால் பயந்தாங்கொள்ளி என்று நினைப்பார். அந்த ஒரு சிப்பாயைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பின்னால் நின்ற என் கூட்டாளி காலை மாற்றி வைத்த சத்தம் கேட்டது. எடுத்தேன். எடுத்த சிப்பாயைக் காப்பாற்ற, குதிரை வரிசையில் நின்ற சிப்பாயை முன்னே தள்ளி அதற்குக் காவல் போட்டேன்.

பிறகு வெகுநேரம் அடிதான். அவர் மந்திரியும் ராணியும் என் ராஜாவைச் சுற்றி வந்தன. நான் ஒளிந்தேன், மறித்தேன், காய்க்குக் காய் வெட்டிக்கொண்டேன். பயந்தவனுக்கு ஒரு வசதி, வரக்கூடிய எல்லா ஆபத்தையும் முன்கூட்டியே நினைத்துவிடுவான். அவர் அடி ஓய்ந்தபோது பலகை காலியாகியிருந்தது. அவரிடம் ராஜாவும் தூரத்து ஓரத்தில் ஒரு சிப்பாயும். என்னிடம் ராஜாவும், அந்தக் குதிரை வரிசைச் சிப்பாயும். என்னுடையது முன்னே போயிருந்தது. அவர் ராஜா அதைப் பிடிக்க முடியாத தூரத்தில் நின்றது.

ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்து கிடந்தது. நான் சிப்பாயை ஒவ்வொரு கட்டமாகத் தள்ளும்போதும் மனசுக்குள் ராணி, ராணி என்று சொல்லிக்கொண்டேன். இது சத்தியம். சொல்லிக்கொண்டுதான் தள்ளினேன்.

கடைசிக் கட்டத்தில் வைத்தேன். குதிரை வீடு.

அவர் வெட்டிய என் கறுப்புக் காய்கள் அவர் பக்கம் வரிசையாக நின்றன. ராணி நின்றது. குதிரை இரண்டும் நின்றன. என் கை போனது. குதிரையை எடுத்தது. சிப்பாயை எடுத்துவிட்டு அந்த வீட்டில் குதிரையை வைத்தது. எத்தனை வருஷம் அப்படி வைத்த கை.

வாத்தியார் பலகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பேசக் கூடாது என்று வாசித்துக் காட்டியவர் அவர்தான்.

"தம்பி, குதிரையோ வைக்கிறீர்?" என்று கேட்டார். மெதுவாக.

"ஆமாங்க சேர்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் பின்னால் ஒருத்தன் மூச்சை விட்டது கேட்டது. அப்போதுதான் பலகை எனக்குத் தெரிந்தது. கையை எடுத்தாகிவிட்டது. என் குதிரையும் ராஜாவும் சேர்ந்து அவருடைய கடைசிச் சிப்பாயைப் போய்ப் பிடித்தன. அவ்வளவுதான் முடிந்தது. ராஜாவும் ஒற்றைக் குதிரையும் வைத்துக்கொண்டு எதிராளி ராஜாவைக் கட்டி ஜெயிக்க முடியாது.

"இனி ஒண்டும் இல்லைத் தம்பி. சமன்" என்று கை நீட்டினார். அவர் கை குளிர்ந்திருந்தது. வழக்கம்போல் எங்கே பிசகினேன் என்று அடுக்கிக் காட்டவில்லை. காய்களைப் பெட்டிக்குள் போட்டார்.

கை செய்ததற்கு நான் பழக்கத்தைச் சொல்லலாம். வாய் செய்ததற்கு? அவர் கேட்டாரே. கேட்டபோது ஒரு கணம் பலகையைப் பார்த்திருந்தால், "இல்லைங்க சேர், ராணி" என்று சொல்லியிருந்தால், அந்த மனுஷர் மறுத்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஒரு வாத்தியார் கேள்வி கேட்டால் ஆமாங்க என்று சொல்வதும் எனக்குப் பழக்கம்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அது நிற்கவே நிற்காது. ஆனால் அந்த நேரத்தில் என் பெண்ணின் நினைப்பு வரவில்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. ஆட்டத்தின் நடுவில் வந்தது. பலதடவை வந்தது. அந்தக் குதிரையைத் தொட்ட நேரம் வந்ததா என்பதை, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தும் மெஷினுக்கு முன்னால் நின்றும் எத்தனையோ தரம் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரித் தெரிகிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸிலிருந்து இறங்கி அவன் எனக்கு முன்னால் மேட்டில் ஏறினான். பாதி மேட்டில் நின்று பீடி பற்ற வைத்தான்.

"குதிர வீட்டுல குதிர. நம்ம ஆட்டந்தானே" என்றான். "நானா இருந்தாலும் அதத்தான் வச்சிருப்பேன்."

வைத்திருக்க மாட்டான். யானை வீட்டில் அவன் ராணியை வைத்ததை நான் பார்த்தேன். நான் பார்த்தது அவனுக்கும் தெரியும்.

லயத்தில் செய்தி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாள் காலை தண்ணீர் பிடிக்கிற பீலியில் பெண்கள் வாளியோடு நின்றார்கள். என் மனைவியைப் பார்த்து ஒருத்தி கேட்டாள், "என்னடி, மகளுக்கு டவுன் ஸ்கூல் கெடச்சிருச்சாமே. அப்பன் குதிர வாங்கிக் குடுத்திருக்கானாம், அதுல ஏறிப் போயிரும்னு சொல்லு."

"ஏன், ஒம் புருசன் ஒனக்குக் கழுத கூட வாங்கித் தரலையாக்கும்" என்று இவள் திருப்பிக் கொடுத்தாளாம். வீட்டுக்கு வந்து வாளியைத் தொம்மென்று வைத்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளாவது கேட்டிருக்கலாம்.

அடுத்த வாரம் சாயங்காலம் வாத்தியார் லயத்துக்கே வந்துவிட்டார். மழையில் சப்பாத்தெல்லாம் சேறு. கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய கப். என் கூட்டாளி வீட்டு வாசலில் நின்று அதை நீட்டினார். நான் எங்கள் கதவுக்குள் நின்றேன், வெளியே வரக் கால் வரவில்லை.

"இது உம்மட்ட இருக்கிறதுதான் நியாயம். நீர் கொண்டு போம்."

அவன் துடைத்த கையால் வாங்கினான். தாளைப் பிரித்துப் பார்த்தான். பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்துத் தடவினான்.

"உங்க பேரு வெட்டியாச்சுங்களே சேர். அங்க போயி இது யாருன்னு கேட்டா நான் என்னாத்தச் சொல்றது?"

"அதை அழிச்சுப்போட்டு உம்மட பேரை வெட்டலாம். நான் சொல்லி வைக்கிறன்."

"அழிச்ச எடத்துல எழுதின பேரு வேணாங்க சேர்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். தாளை முன்பு இருந்த மடிப்பிலேயே சுற்றித் திருப்பிக் கொடுத்தான். பிறகு சுவரைத் தட்டி, "மச்சான், சேருக்கு ஒரு பிளேன்டீ ஊத்தச் சொல்லு. எங்க வீட்டுல ஏனமெல்லாம் பெட்டிக்குள்ள போயிருச்சு" என்று கத்தினான். என் மனைவி தேத்தண்ணி ஊற்றினாள். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று பேரும் நின்றுகொண்டே குடித்தோம். கப் வாத்தியார் கக்கத்தில் இருந்தது.

போகும்போது வாத்தியார் என் பக்கம் திரும்பி, "தையில மறக்காமல் பிள்ளையைக் கொண்டு வாரும்" என்றார்.

அவர் வாக்கு மாறாத மனுஷர். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மறந்துபோயிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அன்றிரவு, பெண்ணை அனுப்ப வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன்.

"ஒன் ரோசத்துக்கு எம் புள்ளய மலைக்குக் கொழுந்து பறிக்க அனுப்பச் சொல்றியா?" என்றாள். "நீ வச்ச குதிரைய நீயே கட்டிக்கிட்டு அழு. அவ போவா."

பிறகு அவனிடமே போய்க் கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று இப்போது நினைத்தால் அசிங்கமாக இருக்கிறது. அவன் சம்மதம் இருந்தால் சுமை இறங்கும் என்று நினைத்திருப்பேன். பெட்டிக்குக் கயிறு முடிந்துகொண்டிருந்தான். பல்லால் கயிற்றைக் கடித்து இழுத்துவிட்டுத்தான் பேசினான்.

"அனுப்புடா. அதுவாச்சும் ஒனக்குக் கெடச்சுதே."

நல்ல மனசோடு சொன்னானா, குத்திக் காட்டினானா? முகத்தைப் பார்க்கலாம் என்று குனிந்தேன். அவன் அடுத்த முடிச்சுக்குப் போய்விட்டான்.

அவர்கள் புறப்பட்ட அன்று தலவாக்கலை ஸ்டேஷனில் நிற்க இடமில்லை. பல தோட்டத்துச் சனங்கள், பெட்டி, பாய், அம்மிக்கல் கூட. அழுகிறவர்கள் ஒரு பக்கம், அழ வெட்கப்பட்டுச் சத்தமாகப் பேசுகிறவர்கள் ஒரு பக்கம். அவன் ஜன்னல் சீட்டைப் பிடித்துவிட்டான். மனைவியும் பிள்ளைகளும் எதிரே. பக்கத்தில் வேறு தோட்டத்துப் பெரியவர் ஒருவர், துண்டால் தலையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரும் அங்கேதான் போகிறவர்.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். எதைச் சொல்வது? வேண்டுமென்று செய்யவில்லை என்றா? அது எனக்கே உறுதியாகத் தெரியாதபோது அவன் கடைசியாகக் கேட்கிற பேச்சு ஒரு பொய்யாக இருந்துவிட்டால்? "சாப்பாடு கட்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டேன். "பெட்டியெல்லாம் ஏத்தியாச்சா?" என்று கேட்டேன். இரண்டையும் ஏற்கெனவே கேட்டிருந்தேன்.

அவன் பெரியவர் பக்கம் திரும்பி என்னைக் காட்டினான்.

"இவன் யாருன்னு தெரியுங்களா? எனக்கு வர வேண்டிய கப்ப ஒரு குதிரையால கெடுத்த ஆளு."

"குதிரையா?" பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நுவரெலியா ரேஸா?"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவன் மனைவி கூட முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், சிரிக்காவிட்டால் நன்றாக இருக்காது.

"ரேஸ் இல்லீங்க, செஸ்ஸு. கேளுங்க" என்று அவருக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தான். "இந்தா தலவாக்கலையில, அந்தக் கடத்தெருவுல ஒரு வாசிகசால இருக்குங்க. மாடியில. அங்கதான் நாங்க ரெண்டு பேரும் ஞாயித்துக்கெழமையானா போவோம். அங்க ஒரு கண்ணாடி அலுமாரி..."

ரயில் அசைந்தது. நான் கம்பியை விடாமல் கூடவே நடந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, சொல்வதில் இருந்தான். கையால் காற்றில் கட்டம் போட்டான். இங்க ராஜா, இங்க வாத்தியார் என்றான். பெரியவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு வந்தார். ஓடத் தொடங்கினேன். வாத்தியார் ஒரு சிப்பாயைச் சும்மா கொடுத்தார் என்கிற வரை எனக்குக் கேட்டது. பிளாட்பாரம் முடிந்துவிட்டது.

குதிரையை நான் தெரியாமல் வைத்தேன் என்று அவரிடம் சொன்னானா, தெரிந்தே வைத்தேன் என்று சொன்னானா என்பது எனக்குத் தெரியாது. அங்கே போன பிறகும், எங்கிருந்து வந்தவன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அந்த ஆட்டத்தின் கதையைத்தான் சொல்லியிருப்பான் என்று நினைக்கிறேன். சொல்வதற்கு அவன் கையோடு கொண்டுபோனது அது ஒன்றுதான்.